பிரிக்பீல்ட்ஸில் பயிற்சி, கிள்ளானில் மழை

திருச்சியில் எட்டு வருடமாகக் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். போன வருடம் ஒரு சிறுவனிடம், அவனுக்கு நேர்ந்ததை முதல் நாளே கேட்டுவிட்டேன். எழுந்து போனவன் திரும்ப வரவே இல்லை. விபத்து, வன்முறை, வெள்ளம் என்று மனம் அடிபட்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை தருவது பற்றி, கோலாலம்பூரில் தமிழிலேயே ஐந்து நாள் பயிற்சி என்ற அறிவிப்பைப் பார்த்ததும் அன்றே விண்ணப்பித்தேன். நவம்பரில் போய் வந்தேன்.

ஞாயிறு காலை 9.10க்கு விமானம். இறங்கும்போது மலேசிய நேரம் 3.50. (நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள்.) அங்கிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் 55 ரிங்கிட், 33 நிமிடம். பிரிக்பீல்ட்ஸ் விடுதிக்குப் பத்து நிமிட நடை. அறை ஒரு நாளைக்கு 120 ரிங்கிட். பயிற்சி நடந்த இடம் இரண்டு தெரு தள்ளி. இட்லி சாப்பிட்டுவிட்டு 8.45க்குக் கிளம்பினால் போதும்.

நடத்தியவர் டாக்டர் பத்மினி. அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவர். முதல் நாளே ஒரு பயிற்சி: ஒருவர் குழந்தையாக நடிக்க, இன்னொருவர் ஆலோசகர். எனக்கு வாய்த்த 'குழந்தை' குமரன், கிள்ளானில் ஒரு மையத்தில் ஆலோசகர். மூன்றாவது நிமிடம், "என்ன நடந்துச்சுன்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். "வனஜா, ஏன் இவ்ளோ அவசரம் லா? பயம் வந்தா என்ன செய்யணும்னு அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது. அதை முதல்ல குடுங்க. கதை தானா வரும்."

முகம் சுட்டது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே விமானம் ஏறியிருக்கலாம். அடுத்த மூன்று நாளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் தேர்வு. டாக்டர் அறையில் இருக்க, உண்மையான ஒரு பிள்ளையோடு நாற்பது நிமிடம். எனக்குக் குமரனின் மையம். கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில், எழுபது நிமிடம், ஐந்து ரிங்கிட்டுக்கும் குறைவு. நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குக் காரில் எட்டு ரிங்கிட். டிரைவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, குடை இருக்கா? நாலு மணிக்கு ஊத்தும்," என்றார்.

பன்னிரண்டு வயதுப் பெண். தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், எழுத அவள் அம்மாவின் அனுமதியும் உண்டு. வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது மேசை மேல் ஏறி ஒரு பகல் முழுக்க நின்றவள். மழை வந்தால் பள்ளிக்குப் போக மாட்டாள். "நான் இன்னிக்கு மட்டும்தான் இருப்பேன். குமரன் அண்ணன் வாராவாரம் இருப்பார்," என்று முதலிலேயே சொன்னேன். அவள் தலையாட்டினாள். மூச்சை மெல்ல விடுவது, பாதத்தைத் தரையில் அழுத்துவது என்று விளையாட்டாகப் பழகிக்கொண்டிருந்தோம்.

4.05. தகரக் கூரையில் சடசடவென்று மழை. தர்ஷினியின் தோள்கள் இறுகின. கண் கதவிலேயே நின்றது. டாக்டர் அசையவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த குமரனும்தான்.

"கால் தரையில இருக்கா பாரு," என்றேன். "இந்த ரூம்ல என்னென்ன தெரியுது? ஒண்ணொண்ணா சொல்லு."

தலையைத் தூக்கிப் பார்த்து, "கிப்பாஸ்," என்றாள்.

"அப்படின்னா?"

மேலே சுற்றுவதைக் காட்டினாள்.

"ஓ, மின்விசிறி. அடுத்தது?"

"லங்சிர்."

நான் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். "அது இல்ல டீச்சர்," என்று எழுந்து போய்த் திரைச்சீலையைப் பிடித்துக் காட்டினாள். ஜன்னலுக்குப் பக்கத்தில், மழை கொட்டும்போது, தானாக நடந்து போய். அதை அவளே கவனித்தாள் என்று நினைக்கிறேன். வெளியே ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கு இவ்ளோ சத்தம் இல்ல. தண்ணி சும்மா வந்துச்சு," என்றாள்.

கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "ம்," என்றேன். அவள் இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னாள். அவை அவளுடையவை, இங்கே வேண்டாம்.

அவள் அம்மாவோடு போன பிறகு டாக்டர், "பாஸ்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மலாய்தான் பெயில்," என்றார். ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மலேசிய அரசின் இணைய வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். கொம்யூட்டருக்கு அரை மணி நேரம் கூடுதலாக வையுங்கள். ஒன்றை விட்டால் காத்திருப்பு நீளம். பயிற்சி முடிந்த அன்றே விமானம் ஏறாதீர்கள், கேட்டவை மனதில் இறங்க ஒரு நாள் வேண்டும். ஊர் திரும்பியதும் உங்கள் வேலையைக் கவனித்துத் திருத்தம் சொல்ல ஒரு மூத்தவரை முன்பே பேசி வையுங்கள்.

பிள்ளைக்கு நீங்கள் முக்கியமாக இருக்க வேண்டும் என்ற ஆசையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கிளம்பும்போது தர்ஷினி எனக்குக் கை மட்டும் அசைத்தாள். பிறகு குமரனிடம் திரும்பி, "அண்ணே, அடுத்த வாரம் எத்தன மணிக்கு? மழையா இருந்தாலும் வரேன்," என்றாள்.