பழைய ப்ராசஸருக்கு ஒரு மதர்போர்டு

கோடை மழையின் முதல் இடி எங்கள் ஊருக்கு மேலே விழுந்த அந்தப் பிற்பகலில் நான் ஒரு கல்யாண வீடியோவைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். மாலை மாற்றும் காட்சி. திரை ஒரு முறை பளிச்சென்று வெளுத்து அணைந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை பட்டனை அழுத்தியும் உள்ளே இருக்கிற விசிறிகூடச் சுற்றவில்லை.

ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் வீடு. நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். மலைப்பாதை வளைவொன்றில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் வண்டி சரிந்தது. வலது கால் நொறுங்கியது. மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்தபோது பெங்களூரில் வேலை பார்க்கும் என் மச்சான் தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பொழுது போகட்டும் என்றுதான் கொடுத்தான். நான் அதில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டேன். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு திருப்பத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். அவள் கேமராவை எடுத்துக்கொண்டு கல்யாணங்களுக்குப் போவாள், எடுத்து வருவதை நான் வீட்டில் உட்கார்ந்து சேர்ப்பேன். குடும்பம் அப்படித்தான் மறுபடி நிமிர்ந்தது.

அந்தப் பெட்டிதான் இப்போது அணைந்து கிடந்தது. அதற்குள் ஒரு பட்டாளத்துக்காரரின் கல்யாணம் இருந்தது. விடுப்பு முடிந்து போவதற்குள் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தோம்.

மறுநாள் மனைவி ஸ்கூட்டரில் பெட்டியை என் மடியில் கட்டி உட்காரவைத்துத் திருப்பத்தூருக்கு அழைத்துப்போனாள். அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவர் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தார். டிஸ்க் பிழைத்திருந்தது. மெமரி பிழைத்திருந்தது. கணினியின் மூளையான ப்ராசஸரும் பிழைத்திருந்தது. போனது இவை எல்லாவற்றையும் தாங்கி இணைக்கிற மதர்போர்டு மட்டும்.

"பழைய மாடலுங்க. கம்பெனி போர்டு இப்போ வர்றதில்ல. யாரோ புதுசா செஞ்சி அனுப்பறாங்க, அது ஒண்ணு கைவசம் கீது. போட்டா ஓடும்," என்று ஒரு சின்ன போர்டை மேசையில் வைத்தார்.

நான் ப்ராசஸரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். எண்ணின் கடைசியில் 'கே' என்ற எழுத்து இருந்தது. படுத்திருந்த காலத்தில் இணையத்தில் நான் படிக்காத குப்பை இல்லை. அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பூட்டப்படாத ப்ராசஸர் அது. கம்பெனி நிர்ணயித்த வேகத்துக்கு மேலே நாமே அதை ஓடவிடலாம். ஓவர்க்ளாக்கிங் என்பது அதுதான். ஆனால் அதற்குப் போர்டும் ஒத்துவர வேண்டும். மச்சானிடமிருந்து வந்த போர்டு ஒத்துவராத வகை. கடைக்காரர் எடுத்து வைத்ததும் அதே வகை.

"இதுல மல்டிப்ளையர மாத்தி வேகத்தக் கூட்ட முடியாதில்லீங்க?"

"முடியாதுங்க. அதுக்கு இசட் சிப்செட் போர்டு வேணும். பழசுலதான் தேடணும். கிடைச்சா அதிர்ஷ்டம்." பிறகு அவரே சொன்னார், "தேடிப் பாருங்க. இது எங்கயும் போவாது, இங்கதான் இருக்கும்."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "இன்னா மாமா, ஓடுறதத்தான் குடுக்கறாரே. அப்புறம் இன்னா?"

நான் விளக்கினேன். புதிதாக வாங்கினால் ப்ராசஸர், மெமரி, போர்டு எல்லாமே புதிது வேண்டும், இப்போது அது ஆகாது. இருக்கிற ப்ராசஸருக்குச் சரியான போர்டு கிடைத்தால் அதிலிருந்தே இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்கலாம்.

"எவ்ளோ?"

"அஞ்சில ஒரு பங்கு வரும். கொஞ்சம் குறைஞ்சும் வரலாம்."

அவள் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் புதிதாக வாங்கியிருந்த கேமராவின் படங்கள் எங்கள் கணினியில் திக்கித் திக்கித்தான் ஓடும். மணமகள் சிரிக்க ஆரம்பித்தால் சிரித்து முடிப்பதற்குள் நான்கு தடவை நிற்பாள். "புது கேமரா படம் நிக்காம ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்போ தேடு மாமா. பட்டாளத்துக்காரர் வூட்ல நான் பேசிக்கிறேன்."

இரண்டு நாள் கைப்பேசியும் கையுமாக இருந்தேன். பழைய பொருள் விற்கிற தளங்களில் தேறியது இரண்டே போர்டுகள். ஒன்று சென்னையில். படம் பார்க்க அவ்வளவு அழகு. ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் தடிமனான உலோக வெப்பத் தகடுகள், வேகத்தைக் கூட்ட அவை அவசியம். ஆனால் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டைப் படம் எடுக்கவே இல்லை. இந்த வகைப் போர்டில் மயிரிழை போன்ற ஊசிகள் அந்தச் சாக்கெட்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்தாலும் எல்லாம் வீண். படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். "நல்லா இருக்கு சார்" என்று மட்டும் பதில் வந்தது.

இன்னொன்று கணியம்பாடியில். வெப்பத் தகடு அவ்வளவு கம்பீரமில்லை, ஒரு மூலையில் வண்ணம்கூட உரிந்திருந்தது. ஆனால் விற்பவர் சாக்கெட்டை டார்ச் அடித்து நான்கு பக்கமிருந்தும் படமெடுத்துப் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: 'மெமரி ஸ்லாட்டில் ஒன்று வேலை செய்யாது. மீதி மூன்றும் சரி.'

குறையை முதலிலேயே எழுதியிருக்கிற ஆளிடம் பேசலாம் என்று தோன்றியது. அழைத்தேன். எடுத்தது ஒரு பெண், பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"ஒரு நிமிஷம்ண்ணா." குழந்தையைச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள். நான் விலை கேட்பதற்கு முன் அவள் என்னைக் கேட்க ஆரம்பித்தாள். என்ன ப்ராசஸர்? என்ன வேலைக்கு? ப்ராசஸரைக் குளிரவைக்கிற கூலர் என்ன? வீட்டில் கரண்ட் எப்படி? கூலர் கம்பெனி கொடுத்த சின்னதுதான் என்றதும், "அதோட வேகம் ஏத்தாதீங்கண்ணா, எங்கிட்ட பெரிய கூலர் ஒண்ணு கீது, சேத்தே எடுத்துக்குங்க," என்றாள். பிறகு, "நேர்ல வாங்க. உங்க ப்ராசஸரப் போட்டு ஓட்டிக் காட்டிட்டுதான் குடுப்பேன். பார்சல்ல அனுப்ப மாட்டேன்."

பஸ் மாறி மாறி வேலூர் போய் கணியம்பாடியில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. நான் ஊன்றுகோலோடு, மனைவி தோளில் பையோடு. பையில் ப்ராசஸரை அவளுடைய பழைய வளையல் டப்பாவில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

வீட்டு வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் சென்னையில் ஐ.டி. வேலையில் இருந்தவள், பிரசவ விடுப்பில் கணவன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கல்லூரி விடுதியில் இருந்தபோது கேம் ஆடுவதற்காகத் தானே கூட்டி மாட்டிய கணினியாம் அது. "அப்போ எங்க ஹாஸ்டல்ல என்னுதுதான் அதிக ஸ்பீடு," என்று சொல்லிச் சிரித்தாள்.

சாப்பாட்டு மேசையில் போர்டு தயாராக இருந்தது. அவள் விளக்கைப் பிடிக்க, நானே ஊசிகளை வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் நேராக நின்றன. என் ப்ராசஸரைப் பொருத்தினோம். விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அத்தனை தூரம் வந்தது வீணா என்று மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். சட்டென்று, "உங்களுது என்னோடத விட ஒரு தலைமுறை புதுசில்ல? போர்டுக்கு அத அடையாளம் தெரியல. பயாஸ் அப்டேட் பண்ணணும்ண்ணா," என்றாள்.

போர்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் அடிப்படை நிரல்தான் பயாஸ். அவளுடைய பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்டி, அதில் ஓடவைத்து, புதிய பயாஸை ஏற்ற வேண்டும். சில நிமிட வேலை. ஆனால் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகும். அவள் வீட்டில் யு.பி.எஸ். இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், வயலுக்கு மும்முனை மின்சாரம் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வந்ததும் அவள் மாமனார் மோட்டாரைப் போடுவார், போட்டால் வீட்டில் விளக்கே மங்கும்.

"நான் போய்ப் பேசறேன்," என்று மனைவி கிளம்பினாள்.

ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. மோட்டார் கொட்டகை வாசலில் தோளில் துண்டோடு அந்தப் பெரியவர், எதிரே என் மனைவி.

"இன்னாம்மா, கம்ப்யூட்டருக்கு ஆபரேஷனா?" என்று அவர் கேட்டது இங்கே வரை கேட்டது.

"ஆமாங்க. கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க. முடிஞ்சதும் நானே குரல் குடுக்கறேன்."

"நெல்லு காயுதும்மா."

"எங்க பொழப்பும் அதுலதாங்க கீது."

பெரியவர் துண்டை உதறிக் கொட்டகைப் படியில் விரித்து உட்கார்ந்துகொண்டார்.

திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். கோடு பாதியில் ஒரு இடத்தில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகு நகர்ந்தது. முடிந்தது.

மறுபடி என் ப்ராசஸரை மாட்டினோம். கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. என் ப்ராசஸரின் பெயர், கடைசியில் அந்த 'கே' எழுத்தோடு. நான் ஜன்னலைப் பார்த்து, "முடிஞ்சிச்சி!" என்று கத்தினேன். மறு நிமிடம் மோட்டார் ஓடத் தொடங்கியது. எதிர்பார்த்தபடியே வீட்டு விளக்கு மங்கியது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வேலை செய்யாத அந்த ஸ்லாட்டைப் பற்றி யோசித்தேன். என்னிடம் இருப்பதே இரண்டு மெமரிதான். மூன்று ஸ்லாட் எனக்குத் தாராளம். விலை இருவருக்கும் ஒத்துவந்தது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தாள். கை காய்வதற்குள் மனைவி பையிலிருந்த கேமராவை எடுத்துக் குழந்தையை வெவ்வேறு கோணத்தில் படமெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கிளம்பும்போது கேட்டேன், "எவ்ளோ வரைக்கும் ஏத்தலாம்?"

"என் சிப் வேற, உங்க சிப் வேறண்ணா. ஒவ்வொரு படியா ஏத்துங்க. சூட்டப் பாத்துக்கினே இருங்க. அவசரப்படாதீங்க. எதுன்னா ஆனா போன் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பேட்டரி செத்துக் கிடந்த எங்கள் யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டேன். மழைக்காலத்தில் இடி விழுந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம். பிறகு வேகத்தை ஏற்ற ஆரம்பித்தேன். நூறு மெகாஹெர்ட்ஸை எத்தனையால் பெருக்குவது என்பதுதான் மல்டிப்ளையர். என் ப்ராசஸருக்குக் கம்பெனி வைத்தது முப்பத்து நான்கு, வேலை கூடினால் கொஞ்சம் தானாக ஏறி இறங்கும். நான் முப்பத்தெட்டில் வைத்தேன். சோதனை மென்பொருளை ஓடவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது. அதிலும் தடங்கலில்லாமல் ஓடியது. நாற்பத்திரண்டுக்கு மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டினேன். எங்கள் மலையில் காலையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் வருகிற குளிர்க் காற்று அந்தப் பெரிய கூலருக்குச் சாப்பாடு மாதிரி. சூடு ஏறவே இல்லை. ஆசை வந்து நாற்பத்து நான்கு வைத்தேன். திரை நீலமாகி நின்றுவிட்டது. முன்பென்றால் பதறியிருப்பேன். இப்போது அதன் எல்லை எது என்று தெரிந்துகொண்ட நிம்மதிதான் வந்தது. நாற்பத்திரண்டுக்கே திரும்பி வந்து, அன்று பகல் முழுவதும் சோதனையை ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மனைவி துணி காயப்போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். புது கேமராவில் எடுத்த பட்டாளத்துக்காரரின் கல்யாணத்தைத் திறந்தேன். மணமகள் தலை குனிந்து இருந்தாள். யாரோ என்னவோ சொல்ல, நிமிர்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்தாள். எங்கும் நிற்கவில்லை.

"நான் எடுத்தது இவ்ளோ நல்லாவா கீது?" என்றாள் மனைவி. தன் படத்தை அவள் தடையில்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுபடி ஓட்டச் சொன்னாள். மூன்றாம் முறையும் கேட்டாள்.

பட்டாளத்துக்காரர் பட்டாளத்துக்குத் திரும்பும் முன்பு புது மனைவியோடு வந்து எங்கள் அறையிலேயே முழுவதையும் பார்த்தார். பென் ட்ரைவைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டிக்கொண்டார். "அங்க சிக்னல் இருக்காதுங்க. இதத்தான் பாத்துக்கினு இருக்கணும்," என்றார்.

ஒரு மாதம் கழித்து கணியம்பாடியிலிருந்து போன் வந்தது. எந்த எண்ணில் நிறுத்தினேன் என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்றேன். "என்னுது நாப்பத்தஞ்சு போச்சி," என்று பெருமையடித்துக்கொண்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். குழந்தைக்குக் காதுகுத்து. மனைவி அன்று எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு மாமனாரே சொன்னாராம், அந்தப் பொண்ணையே வீடியோ எடுக்கக் கூப்பிடு என்று.

மனைவியிடம் சொன்னேன். அவள் பழைய கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, என் மடியில் வைத்தாள்.

"அவங்க வூட்ல கூட்டம் நெறைய வரும் மாமா. ஒரு கேமரா பத்தாது. இத நீ புடி."

"நின்னுக்கினு எடுக்கணுமே."

"ஒக்காந்துக்கினே எடு. கொழந்த ஒயரத்துக்கு அதான் சரியா வரும்."

விபத்துக்குப் பிறகு நான் ஒரு விசேஷத்துக்கும் போனதில்லை. யாராவது கூப்பிட்டால் காலைக் காட்டிச் சமாளித்துவிடுவேன். இந்த முறை அப்படி எதுவும் சொல்ல வாய் வரவில்லை. கேமராவின் பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டேன். பிறகு லென்ஸைத் துடைக்கத் துணி கேட்டேன்.