தலைமாட்டுக் கனம்

சித்தூரில் வாந்திபேதி வந்த வருஷங்களிலெல்லாம், எந்தச் சாதிப் பிணமானாலும் கூலி வாங்காமல் தோள்கொடுத்தவர் பழனியப்பர். கனம் அதிகமான தலைமாட்டைத்தான் பிடிப்பார். பிறகு வாய்க்காலில் முங்கிக் குளித்துவிட்டு, ஈரத்தோடு தம் மூன்று பெண்களையும் தூக்கிக் கொஞ்சுவாராம்.

எண்பது வயதில் அவர் இறந்தார். ‘கண்டவர்களைத் தொட்டவர்’ என்று எங்கள் தெருவில் ஒருவரும் பாடையைத் தொடவில்லை. வாசகசாலையில் சமத்துவம் பேசிக் கைதட்டு வாங்கிய நானும், என்னைப் படிக்கவைத்த மாமாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றேன்.

அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகினார்.

“மூணு புள்ளைங்க, அப்பறம் நானு. நாலு தோளாச்சுங்க. வழிய உடுங்க.”

அந்தக் கிழவியே குனிந்து தலைமாட்டைப் பிடித்தார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

“நீங்க உடுங்க ஆத்தா, நான் புடிக்கறன்.”

“கனமுங்க தம்பி.”

“இருக்கட்டுங்க.”

“டேய், திரும்பி ஊட்டுக்கு வர வேண்டாமா?” என்று மாமா கத்தினார்.

“சேத்துக்காட்டிப் போங்க மாமா” என்றேன்.

மாமா இன்றுவரை சேர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் பதுங்கி நின்ற அந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான் இன்னும் கூசுகிறேன். இந்த வருஷமும் வாந்திபேதி வந்திருக்கிறது. தலைமாட்டை நான் பிடிக்கிறேன்.