ஆயுத பூஜைக்குக் கழுவிய கக்கூஸ்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதன்பின் பெயின்ட் அடித்தேன், நோணாங்குப்பத்தில் படகுக்குக் கயிறு பிடித்தேன், திருச்சிப் பக்கம் ஒரு கொத்தனாரோடு இரண்டு வருடம் சுற்றினேன். எந்த ஊரும் எனக்கு நெடுநாள் தாங்காது. சாரம் என்கிற பேட்டையில் ஒரு லைன் வீட்டில் மட்டும் மூன்று வருடம் தங்கினேன். காரணம் ஒரு கக்கூஸ்.

ஐந்து அறை, ஐந்து குடித்தனம், பின்பக்கம் ஒரே கக்கூஸ். போர் தண்ணீர் உப்பு. கோடையில் அதுவும் காலையில் கொஞ்ச நேரம்தான் ஏறும். ஒருவர் போய் வந்தால் ஒரு வாளி ஊற்ற வேண்டும். அந்த வாளிக்குத்தான் தினமும் சண்டை.

பக்கத்து அறைப் பெண் தட்டாஞ்சாவடியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். புருஷன் லாரி ஓட்டுபவன், வந்தால் உண்டு. இந்தச் சண்டையில் நிற்க முடியாமல் அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். காலையில் ஒரு டம்ளர், சாப்பிடும்போது ஒரு வாய், அவ்வளவுதான். சிறுநீரகத்தில் கல் வந்தது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வாசலில் உட்கார்ந்து சொன்னாள்:

"ஒரு நாளைக்கி மூணு லிட்டர் குடிக்கணுமாம்ண்ணா. இன்னொரு தபா வந்தா கிட்னியே போயிடுமாம். குடிச்சிட்டு எங்க போறது? டாக்டர் ஊட்டுக்கா?"

"தண்ணி ஊத்தாத கக்கூஸ் ஒண்ணு கட்டித் தரேன்" என்றேன்.

"மொதல்ல உன் ரூம் கதவுக்குத் தாப்பா போடு" என்றாள்.

எனக்கு அந்த வேலை தெரியும். திருச்சிப் பக்கம் கொத்தனாரோடு பதினைந்து இருபது கட்டியிருக்கிறேன். தட்டாஞ்சாவடியில் அப்போது ஃபைபர் பட்டறையில் இருந்ததால் பீங்கானுக்குப் பதில் ஃபைபரில் உட்காரும் தட்டை நானே அச்சு எடுத்தேன். முன்னால் சிறுநீருக்கு ஒரு வழி, நடுவில் மலத்துக்கு ஒரு ஓட்டை, பின்னால் கழுவுவதற்குத் தனிப் பள்ளம். நடு ஓட்டைக்குக் கீழே தரைக்கு மேலேயே கட்டிய தொட்டி. அதில் தண்ணீர் படாமல் சாம்பல் போட்டு வந்தால் மலம் காய்ந்து எருவாகிவிடும். நாற்றம் வராது.

வீட்டுக்காரர் கயிற்றுக்கடை பாய். மாடிப்படி மாதிரி இரண்டு படி ஏறும் கக்கூஸை அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"கழுவாம எழுந்து வரச் சொல்றியா?"

"கழுவலாம் பாய். அதுக்குப் பின்னாடி தனி எடம் இருக்குது. ஒரு சொம்பு போதும். அந்தத் தண்ணி பக்கத்துல வைக்கிற கல்வாழைச் செடிக்குப் போயிடும்."

"ஒரு மாசம் பாப்பேன். வாடை வந்திச்சி, மறுநாளே இடிச்சிப்புடுவேன்."

ஆவணிக் கடைசியில் முடித்தேன். விறகடுப்பு ஓட்டலிலிருந்து சாம்பல் வந்தது, மரப்பட்டறையிலிருந்து தூள் வந்தது. முதல் வாரம் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் வாரம் மறந்துவிட்டார்கள். பக்கத்து அறைப் பெண் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

மூன்றாவது வாரம் ஆயுத பூஜை. வேலை முடிந்து வந்து பார்த்தால் லைன் வீடு முழுக்க ஈரம். சைக்கிள், கிரைண்டர், தையல் மிஷின், எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். கக்கூஸ் கதவிலும் பெரிய பொட்டு. காற்றில் மட்டும் சந்தன வாசனை இல்லை.

முதல் அறை அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். அந்த வீட்டிலேயே சுத்தக்காரி அவள்தான்.

"கக்கூஸையும் கழுவினியா அக்கா?"

"பின்ன? மூணு வாளி ஊத்தி, பினாயில் போட்டுத் தேச்சிருக்கேன்."

"நடு ஓட்டையிலயுமா?"

"அதுலதான் ரெண்டு வாளி. அதான தம்பி அழுக்கு ஓட்டை?"

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தினமும் எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். பண்டிகைக்கு எப்படிக் கழுவுவது என்று சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றாத எதையும் நம் ஜனங்கள் சுத்தம் என்று ஒத்துக்கொள்வதில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாளே மோட்டார் பார்க்க பாய் வரும் நாள். பக்கத்து அறைப் பெண் ஜன்னலிலிருந்த பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தாள். எனக்கு அதுதான் உறுத்தியது.

கடைசி அறைக்காரர், "ஆள இட்டாந்து அள்ளச் சொல்லு" என்றார்.

"அள்றதுக்குன்னு எவனும் பொறக்கல சார். எவனும் எறங்கக் கூடாதுன்னுதான் இதக் கட்டுனதே."

தொட்டி இரண்டு கட்டியிருந்தேன். ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பதற்கு. ஃபைபர் தட்டைக் கழற்றி அடுத்ததன்மேல் பொருத்தினேன். நனைந்த தொட்டிக்கு மேலிருந்தே மூன்று மூட்டை மரத்தூளும் ஒரு மூட்டை சாம்பலும் கொட்டி, நீண்ட கம்பால் கிளறினேன். மரத்தூள் தண்ணீரைக் குடிக்கும். மூட்டைகளைத் தூக்கி வந்தது முதல் அறை அக்கா. யாரும் கேட்கவில்லை, அவளே தூக்கினாள். வாய் மட்டும் ஓயவில்லை: "எழுதி ஒட்டியிருக்கலாமில்ல? படிக்காதவன் கட்டுனா இப்பிடித்தான்."

விளக்கு வைப்பதற்குள் நாற்றம் பாதிக்குப் பாதி அடங்கிவிட்டது. கடைசியாகத் தொட்டியின் வாயைப் பலகை போட்டு, சுண்ணாம்பு பூசி மூடினேன்.

மறுநாள் காலை பாய் வந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் பக்கத்து அறைப் பெண் முன்னால் வந்து நின்றாள்.

"பாய், நேத்து நாத்தம் அடிச்சது. தண்ணி ஊத்திட்டோம். தப்பு எங்க மேல. கக்கூஸு மேல இல்ல. இத இடிச்சிட்டா நான் திரும்பவும் ஆஸ்பத்திரிலதான் படுக்கணும்."

பாய் உள்ளே போனார். குனிந்து நடு ஓட்டையின் மூடியைத் திறந்து பார்த்தார். சுற்றிப்போய்ப் பலகையருகில் முகர்ந்தார். திரும்பி வந்து கதவைக் காட்டினார்.

"இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தான் பாய்" என்றாள் முதல் அறை அக்கா.

"பொட்டு வச்ச கதவ நான் எப்பிடிம்மா இடிக்கிறது? சாம்பல் டப்பாவுக்கு நல்ல மூடி போடுங்க, காத்து ஈரமாயிருக்குது" என்று சொல்லிவிட்டு மோட்டார் பக்கம் போனார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா கக்கூஸைத் துடைத்தாள், ஈரத்துணியால் மட்டும். பொட்டு வைக்கத் தவறவில்லை. சுண்ணாம்பு பூசி மூடிய அந்தத் தொட்டியை அதற்குப் பிறகுதான் திறந்தோம். உள்ளே இருந்தது மண், வேறொன்றுமில்லை. கல்வாழைக்குப் போட்டோம்.

நான் இப்போது அங்கே இல்லை. கக்கூஸ் இருக்கிறது. போன மாதம் தட்டாஞ்சாவடி போகும் ஷேர் ஆட்டோவில் பக்கத்து அறைப் பெண்ணைப் பார்த்தேன். கல் மறுபடி வரவில்லை. பேசிக்கொண்டே பாட்டிலை அண்ணாந்து குடித்தாள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி, தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு மீதியையும் குடித்து முடித்தாள்.