வசனம் மறக்காத றொனால்ட்

கஸ்பருக்கு றொனால்டோடு ஒரு கோபம் இருந்தது. வருசக்கணக்கான கோபம். ஸ்காபரோவில் நாடகம் முடிந்ததும் எல்லாரையும் மேடைக்கு அழைத்துச் சால்வை போடுவார்கள். லைற் பிடித்தவன், உடுப்புத் தைத்தவள், றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்த மனுசி வரை பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்த கஸ்பரை மட்டும் கூப்பிட மாட்டார்கள். அது ராசா வேசம் போடும் பெரிய நடிகர் றொனால்டின் கட்டளை. பின்னால் ஒருவன் சொல்லிக் கொடுக்கிறான் என்று சனத்துக்குத் தெரிந்தால் நடிகனுக்கு என்ன மரியாதை என்பார். கஸ்பர் வாயை மூடிக்கொண்டு கதிரை அடுக்குவான். காரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏசுவான். அடுத்த நாடகத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பதும் அவன்தான்.

ஆனாலும் மனுசன் நடிகன்தான். அதில் பொய் சொல்ல ஏலாது. சொந்த ஊரான பாஷையூரில் கூத்து ஆடி வளர்ந்தவர். இங்கே வந்து பாண் தொழிற்சாலையில் மாவோடு மாரடித்தார். சனி, ஞாயிறு என்றால் ராசா வேசம். பெற்ற மகனுக்குத் தண்டனை சொல்லும் ஒரு காட்சியில், சொல்லுமுன் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். கைக்குழந்தைகூடச் சிணுங்காது.

பிறகு அமெரிக்கக்காரரின் தொடர்கள் வந்தன. இங்கத்தைய டவுன்டவுன் தெருவில் மஞ்சள் டாக்சிகளை நிறுத்தி, அதை நியூயோர்க் என்று காட்டிப் படம் பிடித்தார்கள். மண்ணிற முகம் தேவைப்பட்டபோதெல்லாம் ஏஜென்ட் பெண் சுபாங்கி றொனால்டை அனுப்பினாள். டாக்சிக்காரர், கடைக்காரர், இரண்டு தடவை பிணம். ஒன்றில் அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. அதற்கும் மனைவி யூஜினி அக்கா சொந்தக்காரருக்கெல்லாம் போன் போட்டுப் பார்க்கச் சொன்னா. பேசுகிற வேசம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இந்த வருசம் கிடைக்கும்போல் இருந்தது. பொலிஸ் பிடித்துப்போன மகனுக்காக வாதாடும் தகப்பன். நாலைந்து வசனம், இங்கிலீசில். வீட்டிலேயே போனில் நடித்துப் பிடித்து அனுப்ப வேண்டும். கமராவுக்குப் பின்னால் நின்று பொலிஸ்காரனின் பங்கை வாசிக்க ஓர் ஆள் வேண்டும். றொனால்ட் கஸ்பரைக் கூப்பிட்டார்.

அடுக்குமாடி வாசலிலேயே யூஜினி அக்கா கஸ்பரை மறித்தா. இவர் அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோகிறார், தெரிந்த ஆட்களின் பேர் வருகுதில்லை, டொக்டரிட்டை வாங்கோ என்றால் தனக்கு ஒன்றுமில்லை என்று சண்டைக்கு வருகிறார் என்று குசுகுசுத்தா.

"நீ கூட நிக்கிறனி கஸ்பர். உண்மையைச் சொல்லு. இவர் மேடையில தடுமாறுறவரே?"

கஸ்பர் இல்லை என்றான். சமீபத்திய நாடகத்தில் வழமையைவிடக் கூடுதலாகத்தான் எடுத்துக் கொடுத்திருந்தான். ஆனால் பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவனைக் காட்டிக் கொடுப்பதில்லை. அது அந்த வேலையின் முறை.

படுக்கையறைச் சுவரில் நீலக் கட்டில் விரிப்பைக் கட்டியிருந்தார் றொனால்ட். தலைக்கு மை பூசி, சட்டையை மினுக்கி, மாப்பிள்ளைபோல் நின்றார். கஸ்பர் கட்டட வேலைக்காரன். சைற்றில் பொறுக்கிய இங்கிலீசில் பொலிஸ்காரனை வாசித்தான். றொனால்ட் தகப்பனாகப் பேசினார். குரல் உடைந்த இடத்தில் கஸ்பருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பிடித்ததைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அதே வசனம் பாம்பு சீறுவதுபோல் கேட்டது. கஸ்பரின் வாய். பழக்கதோசத்தில் அவருடைய பங்கையும் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"டேய், அமெரிக்கக்காரன் ஆவி எண்டு பயப்பிடப் போறான். வாயைப் பொத்திக்கொண்டு நில்லு."

மறுபடி பிடித்தார்கள். பொலிஸ்காரனின் வரியை வாசித்துவிட்டுக் கஸ்பர் உதட்டைக் கடித்துக்கொண்டான். றொனால்ட் நின்றார். ராசா வேசத்தில் நிற்பாரே, அந்த நிற்பு என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அவருடைய கண் கமராவை விட்டு இவனுடைய வாய்க்கு வந்தது. அங்கேயே நின்றது. முதல் வசனமே அவரிடம் இல்லை. முதல் தரம் அவர் நடித்ததெல்லாம் இவனுடைய மூச்சைக் கேட்டுத்தான் என்று கஸ்பருக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் தரமும் அதுதான். றொனால்ட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அடுத்த அறையில் யூஜினி அக்கா கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

கஸ்பர் பதறிப்போனான். வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம், இந்த வீடியோவை இப்பவே அழித்துவிடுகிறேன், ஒருவருக்கும் தெரியவராது என்றெல்லாம் அடுக்கினான். போனில் விரலையும் வைத்துவிட்டான்.

றொனால்ட் அந்தக் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் நடிப்பு இல்லை.

"எத்தினை நாளா இப்பிடி அண்ணை?"

"போன மாரியில இருந்து. அவளுக்குச் சொல்லத்தான் வெளிக்கிடுறன். வாயைத் திறந்தா, எனக்கு ஒண்டுமில்லை எண்டு நல்லா நடிச்சுப்போடுறன். அவளும் அந்த நேரம் நம்பிப்போடுறாள்."

கஸ்பர் போனிலிருந்து விரலை எடுத்தான். இத்தனை காலம் அவரை ஏசின ஏச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதன் பிறகும் றொனால்ட் கொஞ்சக் காலம் இருந்தார். டொக்டரிடம் போனார், மருந்து எடுத்தார், பிறகு ஆட்களையே மறந்தார். கஸ்பரிடம் வேறு எதையும் அவர் கேட்கவில்லை. அன்றைக்குக் கட்டில் விளிம்பில் இருந்து, கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டதுதான் கடைசி.

"அழிக்காத. கொண்டுபோய் யூஜினிக்குக் காட்டு. நான் நிண்ட அந்தப் பகுதியைக் காட்டு. நானும் வாறன், பக்கத்தில நிக்கிறன். நான் ஏதும் கதைக்க வெளிக்கிட்டா, என்னைக் கதைக்க விடாத."