பொறுக்கிய கதிர்கள்

போன ஞாயிறு உத்திரமேரூர் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. பீடத்தின் முன் குவிந்திருந்த புது நெல்லின் வாசம் என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போனது.

அன்றும் இதே பண்டிகைதான். நிலம் வைத்திருந்தவர்கள் நெல் மூட்டையும் பூசணியும் வாழைத்தாருமாகப் படைத்தார்கள். எங்களுக்கு நிலமில்லை, அம்மா கூலிக்கு அறுப்பவள். அறுத்து முடிந்த வயல்களில் சிந்திக் கிடந்த கதிர்களை நான்கு நாள் பொறுக்கி, சின்னக் கட்டாகக் கட்டி, சேற்றுக்கறை போகாத புடவையோடு பீடத்தை நோக்கி நடந்தாள்.

என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "யாருடி அது? பொறுக்கின கதிரை எத்துக்கினு வருது" என்று சிரித்தாள்.

"தெர்ல" என்றேன்.

அம்மா அப்போது எங்களைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு போய்க் கதிரை வைத்துவிட்டு முழந்தாளிட்டு ஜெபித்தாள்.

ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நீ அந்தப் பொண்ணோட முன்னால போ மா. நான் பின்னால வந்துக்கினு கீறேன்."

வீடு வரைக்கும் அப்படியே வந்தாள். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன ஞாயிறு காணிக்கை படைக்க எல்லோரும் எழுந்து போனார்கள். என்னால் எழ முடியவில்லை.