அசல் வசுமதி

எங்கள் செங்கல்பட்டு வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த மாதத்தில்தான் வசுமதி கடலில் விழுந்து செத்துப்போனாள். வசுமதி, ஏழரை மணி சீரியலின் கதாநாயகி. மூன்றே வாரத்தில், அதே முகத்தோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் பேசிக்கொண்டு ஒருத்தி காரிலிருந்து இறங்கினாள். இரட்டைப் பிறவி என்று என் ஐந்தாம் வகுப்பு முழுவதும் முடிவு கட்டிவிட்டது. எனக்கு மட்டும் வேறு கருத்து. கல்யாணத்தன்றே ஆள் மாறிவிட்டது, செத்தவள்தான் போலி, கண்ணாடிக்காரியே அசல் வசுமதி.

வீட்டில் பேச்சு நின்றதற்கான காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை. அம்மா வயிற்றில் மூன்று மாதம் இருந்த கரு கலைந்துவிட்டிருந்தது. என்னிடம் வயிற்று வலி என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா அழவில்லை. அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதை எடுக்காமல் வேறு எந்தப் பேச்சையும் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. "காஸ் தீர்ந்துடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பது போன்ற செய்திகளெல்லாம் என் வழியாகவே போய்வந்தன. அந்தப் பதவி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் என் கண்டுபிடிப்பை அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கிறவர். ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். கண்ணாடிக்காரி இடது கையால் எழுதுகிறாள், கல்யாணத்துக்கு முந்தைய வசுமதி வலது கைக்காரி, ஆகவே இவள் அசல் இல்லை என்று தள்ளுபடி செய்தார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "காலேஜ் பரீட்சையில இடது கையாலதான் எழுதினா. பேப்பர் படிச்சுக்கிட்டே பார்த்தா இப்படித்தான்."

"எந்த வாரம்?" என்றார் அப்பா.

"மழை பெஞ்சு கரண்ட் போச்சே, அந்த வாரம்."

"கரண்ட் இல்லாம எப்படிப் பார்த்த?"

"வந்தப்புறம் பார்த்தேன்."

என் கட்சிக்குச் சாட்சி கிடைத்த குஷியில் நான் வேறு எதையும் கவனிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஏழரை மணிக்கு அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். எதிர்க்கட்சி வலுவாகத்தான் இருந்தது. மாமல்லபுரத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வரும் மீன்கார அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சண்டையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இன்னா சார் நீ! எங்க வூட்டாண்ட பங்களாவுலதான் ஷூட்டிங் நடந்துகினு கீது. நேரா வந்து கேட்டுகினு போயேன்."

லீவே போடாத அப்பா மறுநாள் லீவு போட்டார். மூவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அம்மா தலையில் பூ வைத்தது அன்றுதான்.

பங்களா வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே வசுமதி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அசலா போலியா என்று சொல்ல முடியாத நிலை. டீ கொடுத்துக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, அப்பா மிகுந்த மரியாதையோடு விஷயத்தை விளக்கி, இவர் எந்த வசுமதி என்று கேட்டார்.

"என்னக் கேட்டா எனக்கு இன்னா சார் தெரியும்? அந்தம்மாவுக்கே தெரியாது. காலீல டயலாக் பேப்பர் வரும், அதுல இன்னா எழுதிகீதோ அதான்."

அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என் கண்டுபிடிப்பு அநாதையாகிவிட்டதில் எனக்கு ஒரே ஆத்திரம்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். "போய் சிப்பி பொறுக்கு, தண்ணிகிட்ட போகாத" என்று என்னை அனுப்பினார்கள். வெகுநேரம் பொறுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அம்மா அப்பாவின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என் ஆத்திரம் மறந்துபோய் இருவர் மேலும் இரக்கம் வந்தது. பாவம், இவ்வளவு தூரம் வந்தும் விடை தெரியவில்லையே.

ஓடிப்போய் அம்மாவின் முன்னால் மண்டி போட்டேன். "அழாதம்மா. அவ சாகவே இல்ல. கண்டிப்பா திரும்பி வருவா, பாரு."

இருவரும் என்னையே பார்த்தார்கள். அம்மா என்னை இழுத்து இறுக்கிக்கொண்ட வேகத்தில், பொறுக்கிய சிப்பி அத்தனையும் மணலில் கொட்டிப்போயிற்று. அதற்காக, வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.