அரிசிக்கடைப் பூனையும் அரைக் குளிசையும்

மிருக வைத்தியரின் நோயாளி வாயைத் திறந்து தன் நோவைச் சொல்வதில்லை; வாயைத் திறந்தால் அது நம்மைக் கடிப்பதற்காகத்தான் இருக்கும். பூனைக்கு ஒரு தடவையாவது குளிசை மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்கள் இந்த வரியை வாசிக்கும்போதே உங்கள் முன்கையைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்துவிட்டுச் சிரித்தால் எனக்குக் கோபமில்லை.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் வேலை பார்த்தேன். ஊரில் என் பெயர் மாட்டு டொக்டர். ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் முதலில் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், டொக்டர் வருகிறாரா என்று. மாட்டை நான் சமாளிப்பதைப் பார்த்த பிறகுதான் உட்காரக் கதிரை எடுத்துப் போடுவார்கள். இப்படிக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த மாட்டு டொக்டர் என்ற பெயரை ஒரு பூனை வந்து தட்டிப் பறித்த கதை இது.

கடகத்துக்குள் வந்தவள்

முள்ளியவளையில் அரிசிக்கடை வைத்திருந்த ஹனீபா நானா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சைக்கிள் கரியரில் ஒரு பனையோலைக் கடகத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். மேலே இன்னொரு கடகத்தைக் கவிழ்த்துச் சணல் கயிற்றால் இறுக்கியிருந்தார். உள்ளே சாம்பல் வரிப் பூனை ஒன்று கழுத்தை நிலத்தோடு நீட்டி, முன்கால்களை அகட்டிக்கொண்டு விக்கி விக்கி இருமியது. பெயர் சுல்தானா. கொட்டிலில் ஆடு மாடுகளோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் உடனே டொக்டராகிவிட்டார்கள். மீன்முள்ளு சிக்கினது என்றார் ஒருவர், வாழைப்பழம் ஊட்டச் சொன்னார் இன்னொருவர். நான் வாயைத் திறந்து பார்த்தேன். முள் இல்லை. பல் இருந்தது, அது என் விரலில் ஏறியது. நெஞ்சில் குழாயை வைத்தால் உள்ளே விசில் சத்தம். மனிதருக்கு வருகிற அதே முட்டு வருத்தம், ஆஸ்துமாதான்.

ஒரு பூனைக்காக இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தீர்களா என்று கேட்டுவிட்டேன். நானா பழைய கதையைச் சொன்னார். ஊரை விட்டுப் போங்கள் என்று அவருடைய முஸ்லிம் சனத்துக்குச் சொல்லப்பட்ட நாளில், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புத்தளம் போனவர் அவர். வீட்டுப் பூனையைக் குசினி அடுப்படியிலேயே விட்டுவிட்டுப் போனார். பல வருஷம் கழித்துப் பாதை திறந்து வந்து பார்த்தால் கூரையும் இல்லை, கதவும் இல்லை. குசினி மூலையில் மட்டும் அதே சாம்பல் வரியோடு ஒரு குட்டி இருந்தது. பழைய பூனையின் பேத்தியோ பூட்டியோதான் இது என்பது அவர் நம்பிக்கை. இருக்கலாம் என்றேன். எங்கள் அலுவலகத்து உதவியாளர் தங்கராசா அண்ணைக்கு மாட்டைத் தவிர வேறு எதுவும் மிருகமே இல்லை. அவர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"மிஸ், வெளியில மாடுகள் நிக்குது. நீங்கள் பூனைக்கு நெஞ்சு பாக்கிறியள் எண்டு தெரிஞ்சால் அதுகளே சிரிக்கும்."

ஊசி செய்த வேலை

காய்ச்சல் இல்லை. வயிற்றில் குட்டி இல்லை என்றும் தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு மாடுகளுக்கு வைத்திருந்த ஸ்டீரொயிட் மருந்தில் சொட்டுப் போல எடுத்து ஏற்றினேன். மூச்சுக்குத் தவிக்கும் உயிருக்கு முன்னால் நின்று நன்மை தீமை யோசிக்க நேரமில்லை. நானாவுக்குத் தேத்தண்ணி வந்து அவர் குடித்து முடிப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுல்தானா எழுந்து உட்கார்ந்து முகம் கழுவினாள். கொட்டிலில் இருந்த சனம் வாயைப் பிளந்தது. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தலை வீங்கத்தான் செய்தது.

இனி மாதம் ஒருக்கா இந்த ஊசியைப் போட்டுவிட்டால் போதுமே என்றார் தங்கராசா அண்ணை. நானாவும் தலையாட்டினார். நான் மாட்டேன் என்றேன். இந்த மருந்து நோயைத் துரத்தாது, உடம்பு கோபப்படுவதை மட்டும்தான் அடக்கும். பூனை நன்றாகத் தின்னும், கொழுக்கும், தண்ணீரைத் தேடிக் குடிக்கும். ஒருநாள் சலரோகம் வந்து நிற்கும். உள்ளே ஒரு கிருமி வளர்ந்தாலும் வெளியே காட்டாது. பூனைக்குச் சலரோகம் வந்தால் இன்சுலின் வேண்டும், இன்சுலினுக்குக் குளிர்பெட்டி வேண்டும், குளிர்பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். ஊரில் கரண்ட் இல்லை. மருந்தைக் கிணற்றுக்குள்ளா தொங்கவிடுவது? கொடுக்காமல் விட்டால் மூச்சு நின்று சாகும், கண்டபடி கொடுத்தால் இப்படிச் சாகும். அதனால் ஊசி வேண்டாம், நினைத்தபோது குறைக்கக்கூடிய குளிசையாகத் தருகிறேன் என்றேன். நானா என்னையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இவளைக் காப்பாத்துறதும் இதுதான், கொல்லுறதும் இதுதான் எண்டுறீங்கோ. நல்லாத்தான் இருக்கு உங்கட வைத்தியம்!"

தராசில் ஒரு நிறை

குளிசையின் அளவு பூனையின் நிறையைப் பொறுத்தது. எங்கள் அலுவலகத்தில் மாட்டின் நெஞ்சைச் சுற்றி அளக்கிற நாடாதான் இருந்தது. அதைச் சுல்தானாவுக்குச் சுற்றினால் கட்டிப்போட்டது போலாகிவிடும். ஆகவே நானாவின் கடைத் தராசுக்கே போனோம். படிக்கல்லை வைத்ததும் டங் என்று சத்தம் கேட்டுப் பூனை மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டது. இரண்டாம் முறை நானா கல்லைத் தொடவில்லை. ஒரு தட்டில் பழைய துணி போட்டுப் பூனையை இருத்தி, மற்றத் தட்டில் பச்சை அரிசியைச் சத்தமில்லாமல் கையால் சொரிந்தார். சுல்தானா அரிசி விழுவதைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். முள் நடுவுக்கு வந்ததும் அரிசியை எடுத்துத் தனியாக நிறுத்தோம். நான் ஒரு நாளைக்கு அரைக் குளிசை என்று கணக்குச் சொன்னேன். அன்று முதல் பூனை கொழுக்கிறதா என்று பார்க்க அதே தராசுதான். அரிசி வாங்க வந்து இவ்வளவு நேரமும் பையோடு காத்து நின்ற ஒரு அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நானா, அந்தப் பூனையின்ர நிறைக்கே எனக்கும் போட்டு விடுங்கோ, நான் போகோணும்."

சாரத்துக்குள் மல்லுக்கட்டு

குளிசை எழுதிக் கொடுப்பது சுலபம். அதைப் பூனையின் தொண்டைக்குக் கீழே அனுப்புவது வேறு வேலை. நானாவும் அவர் மனைவி நபீலா ராத்தாவும் நீங்கள் செய்த எல்லாவற்றையும் செய்தார்கள். மீனுக்குள் வைத்தார்கள், மீன் போனது, குளிசை தட்டில் கிடந்தது. தேங்காய்ப் பாலில் கரைத்தார்கள். பாலை முகர்ந்துவிட்டு இருவரையும் ஏதோ களவாணிகளைப் போலப் பார்த்தாள். கடைசியில் நான் போய், நானா இடுப்பில் உடுக்கிற பழைய சாரத்தால் தலை மட்டும் தெரியச் சுற்றி, கடைவாயில் விரலை விட்டு அடிநாக்கில் குளிசையைத் தள்ளித் தொண்டையைத் தடவிக் காட்டினேன். நான் செய்தபோது பஞ்சாகப் போனது. அடுத்த நாள் நானா செய்தபோது சாரமும் கிழிந்தது, நானாவும் கிழிந்தார். ஆனாலும் விடவில்லை. மூன்றாவது தடவை பார்த்தபோது அவர் என்னைவிடக் கெட்டிக்காரர், கையில் மட்டும் நிறையக் கீறல்.

"குளிசை அவளுக்கு, தையல் எனக்கோ டொக்டர்?"

குளிசை போன இடம்

நாளடைவில் சுல்தானா தேறினாள். ஆனால் குளிசை சீக்கிரம் முடிந்துகொண்டிருந்தது. நான் கொடுத்ததற்கும் மிச்சம் இருந்ததற்கும் கணக்கு ஒத்துவரவில்லை. பூனையோ கொழுக்கவில்லை, தண்ணீர் அதிகம் குடிக்கவும் இல்லை. தண்ணீர் குடித்தவர் நானா. குடத்தைப் பக்கத்தில் வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தார். விஷயம் என்னவென்றால், நானாவுக்கு முழங்கால் நோ. பூனை துள்ளுகிற துள்ளலைப் பார்த்து, ஒரே வீட்டு உயிர்தானே என்று அவரும் விழுங்கத் தொடங்கிவிட்டார். முழங்கால் நோ பறந்துவிட்டதாம். அவருக்கோ ஏற்கெனவே சலரோகம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூனைக்கு நான் எதெதற்குப் பயந்தேனோ அதெல்லாம் இந்த மனுசனிடம் வந்து நிற்கிறது! அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சீனி ஏறித்தான் இருந்தது, நல்லகாலம், சில நாள்தான் விழுங்கியிருந்தார், பிறகு இறங்கிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். நபீலா ராத்தா மட்டும் ஆறுதலாகச் சொன்னார்.

"குளிசையை அலுமாரியில வைச்சுப் பூட்டிறன் டொக்டர். பூனை எடுக்கும் எண்டு இல்லை, இவருக்காகத்தான்."

வெள்ளிக்கிழமை முட்டு

அடிபட்டவர் பயந்தால் நேர் எதிர்க்கரைக்கே போவார். எனக்குச் செய்ததை இவளுக்கும் செய்யும் என்று, ராத்தா எடுத்துக் கொடுத்த குளிசையை நானா பூனைக்குக் கொடுக்காமல், யாருக்கும் சொல்லாமல் முழுதாக நிற்பாட்டிவிட்டார். இந்த மருந்தை அப்படித் திடீரென்று நிற்பாட்டவே கூடாது. வந்த வெள்ளிக்கிழமையே சுல்தானா மறுபடி கடகத்தில் வந்தாள், இந்த முறை நாக்கு நீலம். நானா கொட்டிலில் நிற்க முடியாமல் வெளியே போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காப்பாற்றினேன். காப்பாற்றினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவளுக்கு மருந்து இல்லாமலும் முடியாது, காலம் முழுக்க மருந்தோடும் முடியாது. இந்த முட்டு வருத்தத்தை எது கிளப்புகிறது என்று கண்டுபிடித்தால்தான் மருந்தைக் குறைக்கலாம். தூசு என்றால் அரிசிக்கடையில் எல்லா நாளும் தூசுதானே? ஏன் இரண்டு தடவையும் வெள்ளிக்கிழமை வந்தாள்?

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பக்கம் மாடுகளுக்கு ஊசி போட்டு முடித்துப் பின்னேரம் நானாவின் கடையில் தேத்தண்ணிக்கு இறங்கினேன். பொழுதுபட்டது. பாங்கு சொல்லி முடிந்து, தொழுகையும் முடிந்து வந்த நானா, சிரட்டைக் கரியில் சாம்பிராணியைப் போட்டு, கடை மூலை முடுக்கெல்லாம் காட்டினார். வியாழன் பொழுதுபட்டாலே அவர்களுக்கு வெள்ளி இரவு, அதற்கு வீட்டிலும் கடையிலும் சாம்பிராணி போடுவது அவர் வாப்பா காலத்து வழக்கம். கதவைச் சாத்திப் புகையை உள்ளேயே அடைத்துவிட்டு வந்தார். சுல்தானா உள்ளே அரிசி மூட்டைமேல் படுத்திருந்தாள். எனக்கே இருமல் வந்தது.

சொல்வதா விடுவதா என்று கொஞ்சம் தயங்கினேன். கூரையில்லாத கடையில் திரும்பி வந்த முதல் வாரமே அவர் சாம்பிராணி போட்டவர் என்று ராத்தா சொல்லியிருக்கிறார். ஆனாலும் இந்தப் புகைதான் காரணம் என்று சொன்னேன். நானா கதவைத் திறந்துவிட்டு, புகைச் சட்டியை வாசலில் வைத்தார். பிறகு தண்ணீர் தெளித்து அணைத்தார்.

"வாப்பாட காலத்தில கடையில முட்டுக்காரப் பூனை இருக்கேல்ல டொக்டர். இருந்திருந்தா அவரும் நிப்பாட்டியிருப்பார்."

ஒட்டுசுட்டான் பசு

புகை நின்றது. அந்த வெள்ளிக்கிழமை கடகம் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அரைக் குளிசையைக் கால் குளிசையாக்கி, அதையும் ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, மெதுமெதுவாக அளவை இறக்கினேன். அவசரப்பட்ட நானாவை நபீலா ராத்தா அலுமாரிச் சாவியைக் காட்டி அடக்கினார். கடைசிக் குளிசையும் நின்ற பிறகு ஒருநாள் கடைக்குப் போனேன். சுல்தானா பெருச்சாளி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து என் மோட்டார் சைக்கிள் சில்லுக்குப் பக்கத்தில் போட்டாள். பட்டமளிப்பு விழாவில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

கதை கடைக்கு வருகிறவர்கள் வாயால் பரவிவிட்டது. ஒருநாள் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பெரியவர் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் பசுவை ஏற்றிக்கொண்டு வந்தார். தங்கராசா அண்ணை பசுவைப் பார்த்த சந்தோசத்தில் எழும்பி ஓடினார். பெரியவர் அவரை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"பூனை டொக்டர் நீங்கள்தானே பிள்ளை? அந்தப் பூனையைப் பாத்தமாதிரி என்ர பசுவையும் பாக்கோணும்."

மறுபடியும் கடகம்

சில வருஷம் நன்றாகப் போனது. பிறகு சண்டை தொடங்கப் போகிறது என்ற கதை வந்தது. பிறகு கதையாக இல்லாமல் சத்தமாகவே வந்தது. ஒரு காலையில் நானா கடைக்கு முன்னால் கடைசிச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மறுபடியும் புத்தளத்துக்குத்தான். பாதையெல்லாம் செம்மண் புழுதி, வழியில் இவளுக்கு முட்டு வந்தால் என்ன செய்வது என்றுதான் கேட்டார். கொஞ்சக் குளிசையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்து, வந்தால் மட்டும் அரை, பிறகு கால், திடீரென்று நிற்பாட்டவேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவர் எனக்கு முன்னால் முழுவதையும் சொல்லி முடித்தார். ராத்தா மடியில் கடகம் இருந்தது. உள்ளிருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. நானா கடகத்தின் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"போன முறை பூனையை விட்டிட்டுப் போனனான் டொக்டர். இந்த முறை விடேல்ல."

அதற்குப் பிறகு எத்தனையோ மாடுகளின் உயிரைக் காப்பாற்றியிருந்தும், ஊரில் யாரும் என்னை மாட்டு டொக்டர் என்று கூப்பிட்டதில்லை, பூனை டொக்டர் என்றால்தான் நானும் திரும்பிப் பார்க்கிறேன்.